பிறர் பிள்ளைக்காக ஓர் ஊசி

நம் இடது முன்கையில் காலணா அகலத்தில் இரண்டு வட்டத் தழும்புகள் உண்டு. சில ஆண்டுகளுக்குமுன் திருப்பலிக்கு ஆயத்தமாகிக் கைகழுவும் வேளையில் பீடச்சிறுவன் ஒருவன் அவற்றை உற்றுப் பார்த்து, "இது என்ன சாமி, சூடு போட்டுக்கிட்டீங்களா?" என்று கேட்டான். அம்மை குத்திய தழும்பு என்றோம். அவனுக்கு விளங்கவில்லை. விளங்காமற் போனதே நல்லது. பெரியம்மை இந்தியாவை விட்டு 1975ஆம் ஆண்டோடு அகன்றது. உலகத்திலிருந்தே அது ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. அச்சிறுவனின் தோளருகே காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இருக்கக்கூடும். முன்கையில் இந்தத் தழும்பு இராது. நம் தலைமுறையின் அச்சம் அவன் தலைமுறைக்கு ஒரு புதிர்.

ஆனால், அந்தத் தழும்பு தடுக்க இயலாத வேறோர் அம்மையும் நம் வீட்டுக்குள் நுழைந்தது. அது 1973ஆம் ஆண்டு, மாமரங்கள் பூத்திருந்த காலம். நமக்கு ஐந்து வயது, அக்காளுக்கு ஏழு. முதலில் காய்ச்சல் கண்டது. கண்கள் சிவந்து நீர் வடிந்தது. பிறகு முகத்தில் தொடங்கிக் கீழ்நோக்கி, மணலை வாரித் தூவினாற்போல், செந்நிறத் தடிப்புகள் பரவின. "மணல்வாரி" என்றனர் ஊரார். நம்முடையது கத்தோலிக்கக் குடும்பம். சுவரில் திரு இருதய ஆண்டவர் படமும் வாசலில் வேப்பிலையும் ஒருங்கே இருந்த வீடு அது. செபமாலை சொன்னோம், இளநீர் கொடுத்தோம். அம்மை கண்ட பிள்ளையை வாசல் தாண்டி எடுத்துச் செல்லலாகாது என்ற ஊர்வழக்கத்தால் மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை. எட்டாம் நாள் அக்காளுக்கு மூச்சு முட்டியது. ஒன்பதாம் நாள் அக்காள் இல்லை.

தட்டம்மைக்கு 1963ஆம் ஆண்டிலேயே மேலைநாட்டில் தடுப்பூசி வந்துவிட்டது என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தோம். நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் அது இடம்பெற்றது 1985இல். அக்காளைப் பொறுத்தவரை அது பன்னிரண்டு ஆண்டு தாமதம். கல்லறைத் திருநாள்தோறும் அச்சிறிய மண்மேட்டில் மெழுகுதிரி ஏற்றும்போது அந்தக் கணக்கே நம் நெஞ்சில் ஓடும்.

இத்தகைய வீட்டிலிருந்து வந்த ஒருவர் தடுப்பூசி என்றால் தயங்குவார் என்று எவரும் எண்ணமாட்டார். ஆயினும் நாம் தயங்கினோம். அதை ஒளியாமல் சொல்லிவிடவே இதனை எழுதுகிறோம்.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. ஒன்பது மாதம் நிறைந்த குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டோர் வரை அனைவருக்கும் ஊசி. முன்னரே தட்டம்மை ஊசி போட்டிருந்தாலும் மறுபடி போடவேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே போடுவர். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே, அறிவிப்பைவிட வேகமாகச் செல்பேசிகளில் வதந்தி பரவியது. அந்த ஊரில் பிள்ளைகள் மயங்கி விழுந்தனராம். பெண்பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் மகப்பேறு வாய்க்காதாம். வெளிநாட்டார் நம் பிள்ளைகள்மீது சோதனை நடத்துகின்றனராம். பெயரும் ஊரும் இல்லாத ஒரு குரல், அழுத்தந்திருத்தமாக, "உங்கள் பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்" என்று முடிக்கும். பெற்றோரின் அன்பைப் பற்றிக்கொண்டே அந்த வதந்தி வீடுகளுக்குள் புகுந்தது. தயக்கம் தமிழகமெங்கும் இருந்ததால் பிப்ரவரியில் முடியவேண்டிய பணி மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்கப்பட்டது.

அப்போது நாம் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கம் ஒரு பங்கில் பணியாற்றிவந்தோம். தக்காளித் தோட்டங்களும் மாந்தோப்புகளும் சூழ்ந்த ஊர். மழை பொய்த்த ஆண்டுகளில் பாதி ஊர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போய்விடும். பங்குப் பள்ளிக்கு நாமே தாளாளர். காலைத் திருப்பலி முடிந்ததும் தாய்மார் கூட்டமாக வந்து நின்றனர். "தோத்திரம் சாமி. ஊசி போடலாமா, வேணாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றனர்.

ஒரு வார்த்தைதான் கேட்டார்கள். அதை நாம் சொல்லவில்லை. மாறாக, ஒரு கடிதம் அச்சடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பினோம். ஊசி போட்டுக்கொள்வது பெற்றோரின் சொந்த விருப்பம் என்றும், பின்விளைவு எதற்கும் பள்ளி நிர்வாகம் பொறுப்பன்று என்றும், சம்மதமெனில் கையொப்பமிட்டு அனுப்புக என்றும் அதில் கண்டிருந்தது. பெற்றோரின் உரிமையை மதிப்பதாக நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உள்ளே இருந்தது வேறு. பிள்ளை ஒன்றுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் ஊர் நம்மைக் கேட்குமே என்ற அச்சம்தான் அந்தக் கடிதத்தை எழுதியது. கடிதங்களில் பாதிக்குமேல் கையொப்பமின்றித் திரும்பின. பொறுப்பன்று என்று தாளாளரே சொல்லும் ஒன்றுக்கு எந்தத் தாய் ஒப்புவாள்? அக்காளைப் புதைத்த கை, பிலாத்துவைப்போல் தண்ணீர் கேட்டு வாங்கித் தன்னைக் கழுவிக்கொண்டது.

பக்கத்து நகரில் ஒரு சிறிய குழந்தை மருத்துவமனை உண்டு. நம் பங்கின் தாய்மார் காய்ச்சலென்றால் அங்கேதான் ஓடுவர். அதை நடத்துபவர் ஒரு பெண் மருத்துவர்; நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். சளிக்காக அங்கே போன ஒரு தாய் தன் பையிலிருந்த நம் கடிதத்தைக் காட்டி, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். அன்று மாலை டாக்டரம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"ஃபாதர், உங்கள் கடிதத்தைப் படித்தேன். தாய்மார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது அதில் இல்லை. நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது."

நமக்குச் சுருக்கென்றது. மறுமொழி சொல்ல வாயெழவில்லை. "ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வரட்டுமா? அவர்களோடு பேசவேண்டும்" என்றார். வாருங்கள் என்றோம்.

அந்த ஞாயிறு பள்ளித் தாழ்வாரத்தில் தாய்மாரும் தந்தையரும் கூடினர். மேடையும் ஒலிபெருக்கியும் ஆயத்தமாக வைத்திருந்தோம். அவர் இரண்டையும் விரும்பவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகள் அமரும் குட்டை இருக்கையில் அமர்ந்துகொண்டு, "நான் எதையும் சொல்வதற்கு முன்னால், நீங்கள் கேள்விப்பட்டதையெல்லாம் சொல்லுங்கள்" என்றார். ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதச் செய்தார். எதற்கும் சிரிக்கவில்லை. எவரையும் அறியாதவர் என்று இகழவில்லை. பலகை நிறைந்ததும் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார்.

முதற்கேள்வியே கடினமானது. "திருவள்ளூருல ஊசி போட்ட குழந்தைங்க செத்துப்போச்சே?" அவர் அதை மறைக்கவில்லை. "உண்மைதான். 2008ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. நான்கு வீடுகளில் அந்தத் துயரம் இன்றும் இருக்கும்" என்று சொல்லிச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, எந்த மருந்தும் நூற்றுக்கு நூறு ஆபத்தற்றதன்று என்றும், ஆகவேதான் ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே அமரச் சொல்கிறோம் என்றும், அரிதாக ஒவ்வாமை நேர்ந்தால் அந்த அரைமணிக்குள் கண்டு மருந்து கொடுக்க இயலும் என்றும் விளக்கினார். தட்டம்மை மருந்துப் புட்டியைக் கரைத்த நேரத்தை அதன்மேல் எழுதவேண்டும். நான்கு மணி நேரத்துக்குமேல் அதைப் பயன்படுத்தலாகாது. ஒரு பிள்ளைக்குப் போட்ட ஊசி மறு பிள்ளைக்கு உதவாதபடி தானே பூட்டிக்கொள்ளும். "இவற்றையெல்லாம் நீங்கள் நின்று பார்க்கலாம், கேட்கலாம். கேட்பது உங்கள் உரிமை" என்றார். தாழ்வாரத்தின் இறுக்கம் அந்தக் கணத்தில்தான் தளர்ந்தது. ஆபத்தே இல்லை என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தால் ஒருவரும் நம்பியிரார்.

ஒன்பதாம் மாதத்தில் போட்டாயிற்றே, மறுபடி எதற்கு என்று கேட்டனர். ஒரே ஊசியால் எல்லாப் பிள்ளைகளுக்கும் எதிர்ப்பாற்றல் பிடிப்பதில்லை. பிடிக்காமல் விட்டவர்களை இரண்டாவது ஊசி காக்கும். முன்னரே பிடித்தவர்களுக்குக் கூடுதல் ஊசியால் கெடுதல் இல்லை என்றார். இலவசமாகக் கொடுப்பது மட்டமானதா என்று கேட்டனர். "என்னிடம் காசு கொடுத்துப் போடுவதும் இதே நோயைத் தடுக்கத்தான். கையில் காசு வரட்டுமென்று நாளைக் கடத்தாதீர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்" என்றார். தன் வருவாயைக் குறைக்கும் சொல்லை ஒருவர் தானே சொல்லும்போது கேட்பவருக்கு நம்பிக்கை பிறக்கிறது.

பலகையின் கடைசி வரியில் ஒரு தந்தையின் கேள்வி இருந்தது. "ரூபெல்லா கர்ப்பிணிப் பொம்பளைங்களுக்குத்தான் ஆபத்துன்னு சொல்றாங்க. அப்போ ஆம்பளப் பையனுக்கு எதுக்கு ஊசி?"

நல்ல கேள்வி என்று சொல்லி, அவர் ஒரு பழைய நிகழ்ச்சியை எடுத்துரைத்தார். ஆஸ்திரேலிய நாட்டின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்றொரு கண் மருத்துவர் இருந்தார். 1941ஆம் ஆண்டில், பிறக்கும்போதே கண்ணில் புரை மூடிய குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பலர் அவரிடம் கொண்டுவரப்பட்டனர். காரணம் புலப்படவில்லை. காத்திருந்த தாய்மார் தமக்குள் பேசிக்கொண்டதை அவர் செவிமடுத்தார். கருவுற்ற தொடக்கத்தில் தங்களுக்கு ரூபெல்லா கண்டதாக அவர்கள் பேசிக்கொண்டனர். பிறரையும் விசாரித்தார், அவ்வாறே இருந்தது. தாய்க்கு மூன்று நாள் தடிப்பும் சிறு காய்ச்சலுமாக வந்துபோகும் எளிய நோய், முதல் மூன்று மாதக் கருவைத் தாக்கினால் கண்ணையும் காதையும் இதயத்தையும் சிதைக்கும் என்று உலகம் அறிந்தது இவ்வாறுதான். சில கருக்கள் பிறவாமலே அழியும்.

"உங்கள் மகனுக்கு ரூபெல்லா வந்தால் மூன்று நாளில் விளையாடப் போய்விடுவான். ஆனால் அந்த மூன்று நாளில் பேருந்தில் அவன் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். தான் கருவுற்றிருப்பது அவளுக்கே இன்னும் தெரியாமலிருக்கலாம். இந்த ஊசி அவள் பிள்ளைக்காக" என்று முடித்தார்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் மக்கள் வாயில் புழங்கும் பழமொழி. அதற்கு இப்படி ஒரு பொருளும் உண்டென்று அதுவரை நமக்குத் தோன்றியதில்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு தாய் எழுந்து நின்றார். அவருடைய மகளை ஊரே அறியும். பதினொரு வயது; காது கேளாது; கைக்குழந்தையாக இருந்தபோதே இரு கண்களிலும் புரைக்கு அறுவை செய்யப்பட்டது; தடித்த கண்ணாடி அணிந்து, ஞாயிறுதோறும் தாயின் சேலையைப் பற்றியபடி கோவிலுக்கு வருவாள். அந்தத் தாய் கேட்டார்: "டாக்டரம்மா, இவ வயித்துல மூணாம் மாசம் இருக்கும்போது எனக்கு மேலெல்லாம் சின்னதாத் தடிச்சுது. மூணு நாள்ல மறைஞ்சுபோச்சு. அதுதானா?"

தாழ்வாரம் அடங்கிப்போயிற்று. "இருக்கலாம் அம்மா. இத்தனை ஆண்டு கழித்துச் சோதித்து உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். நீங்கள் செய்த குற்றம் எதுவுமில்லை" என்றார் மருத்துவர்.

அந்தத் தாய் அழவில்லை. நின்றபடியே நம்மைப் பார்த்தார். அப்பார்வை இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்ததால் இப்படி ஆயிற்று என்று மாமியார் சொன்னதாகவும், முன்னோர் செய்த பாவம் என்று அயலார் சொன்னதாகவும் அவர் முன்பொருமுறை நம்மிடம் வந்து முறையிட்டிருந்தார். நாம் என்ன சொன்னோம்? "இறைவன் தாங்கக்கூடியவர்களுக்குத்தான் சிலுவை தருகிறார், ஏற்றுக்கொள் அம்மா" என்றோம். ஆறுதலென்று எண்ணிச் சொன்னது அது. இறையியல் கற்ற நாம், ஒரு கிருமியின் வேலையை இறைவனின் திருவுளமாக்கி அந்தத் தாயின் தலையில் சுமத்தினோம். மருத்துவர் ஒரே வாக்கியத்தில் அச்சுமையை இறக்கிவைத்தார்.

யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம் அன்றிரவு நம்மைத் தூங்கவிடவில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், யார் செய்த பாவம் என்று ஆண்டவரிடம் கேட்கின்றனர், அவனதா, பெற்றோரதா? ஆண்டவர் இரண்டையும் மறுத்துவிட்டு, உடனே குனிந்து சேறு உண்டாக்கிக் கண்ணில் பூசுகிறார். எத்தனையோ முறை மறையுரை ஆற்றிய பகுதி. காரணம் கேட்டவர்களுக்கு அவர் பழியைக் காட்டவில்லை, செயலைக் காட்டினார். நாமோ செயலற்று நின்று, சிலுவையை மட்டும் சுட்டிக்காட்டினோம்.

மறுநாள், இறைவேண்டல் குழு ஒன்றில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் தனியே வந்து கலக்கத்தோடு கேட்டார்: "ஃபாதர், ரூபெல்லா மருந்து கருக்கலைப்பு செய்யப்பட்ட குழந்தையின் அணுக்களில் தயாராகிறதாமே? நாம் அதை ஏற்கலாமா?" இதை வெறும் வதந்தி என்று தள்ள இயலாது. ரூபெல்லா கிருமியை வளர்க்கப் பயன்படும் அணுவரிசை, 1960களில் கலைக்கப்பட்ட ஒரு கருவிலிருந்து எடுக்கப்பட்டது. அன்று எடுத்த அணுக்களே ஆய்வுக்கூடத்தில் பெருகிவருகின்றன. தடுப்பூசிக்காகப் புதிதாக எந்தக் கருவும் கலைக்கப்படுவதில்லை. ஆயினும் தொடக்கத்தில் ஒரு தீமை இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

தீமையோடு ஒத்துழைத்தல் பற்றிக் குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் படித்திருக்கிறோம். தீமையை விரும்பி அதில் பங்கேற்பது வேறு. பல்லாண்டுகளுக்கு முன் பிறர் செய்த தீமையின் தொலைவான பயனை, அத்தீமையை ஏற்காமலே, உயிர்காக்க வேறு வழியில்லாத நிலையில் பயன்படுத்துவது வேறு. வாழ்வுக்கான திருப்பீடக் கழகம் 2005ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்தது. வேறு மருந்து கிடைக்காதபோது பெற்றோர் இத்தகைய தடுப்பூசியைப் பயன்படுத்தலாம் என்றது. குற்றமற்ற வழியில் உருவான மருந்தை வற்புறுத்திக் கேட்கும் கடமை நமக்கு உண்டு என்றும் கூறியது. ரூபெல்லாவைப் பற்றி அது சொன்னது இன்னும் கூர்மையானது. தன் பிள்ளைக்கு ஊசி மறுத்து, அதனால் கர்ப்பிணிகளுக்கு நோய் பரவி, சிசுக்கள் ஊனமுற்றால் அதில் மறுத்த பெற்றோருக்கும் பொறுப்பு உண்டு என்பது அதன் கருத்து. நாம் அந்த இளைஞரிடம் பேசியபோது கையிலிருந்தது இவ்வளவே. அதே 2017ஆம் ஆண்டு ஜூலையில் அக்கழகம் மற்றொரு குறிப்பு வெளியிட்டு, மருத்துவர் பரிந்துரைக்கும் தடுப்பூசிகளைத் தெளிந்த மனச்சான்றோடு பயன்படுத்தலாம் என்று உரைத்தது. கொரோனா காலத்தில், 2020 டிசம்பரில், விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும் கொரோனா தடுப்பூசிகள் குறித்து இவ்வழியிலேயே தீர்ப்புக் கூறியது. "பிறவாத குழந்தைக்காகத் தானே கலங்குகிறாய் தம்பி? பிறவாத குழந்தையைக் காக்கவே இந்த ஊசி" என்றோம். அவர் தம் தங்கைக்கான கடிதத்தில் பெற்றோரைக் கையொப்பமிடச் செய்தார்.

நம் கடிதத்தை நாமே திரும்பப் பெற்றோம். புதிய கடிதத்தில் இரண்டே செய்திகள்: ஊசி போடுவது நல்லது என்பது தாளாளரின் கருத்து, அன்று முழுவதும் தாளாளர் பள்ளியில் இருப்பார்.

ஒரு குரு தடுப்பூசிக்குப் பரிந்து பேசுவது நம் பகுதிக்குப் புதிதன்று. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க மைசூர்ச் சீமையில், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த துபுவா அடிகளார் 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருவரங்கப்பட்டணத்தை நடுவாகக்கொண்டு உழைத்தார். மக்கள் அவரைத் "தொட்ட சுவாமி", அதாவது பெரிய சாமி, என்று அழைத்தனர். இந்நாட்டு மக்களின் வழக்கங்களைப் பற்றி நூல் எழுதியவர் என்றே அவரைப் பலர் அறிவர். மைசூரில் அம்மை குத்துவதைப் பரப்பியவர்களில் அவர் முன்னோடி. அந்த மருந்து இந்தியாவுக்கு வந்த விதமும் நினைக்கத்தக்கது. அதைக் குளிரில் பாதுகாக்கும் வழி அன்று இல்லை. ஒருவர் கையில் குத்தி, கொப்புளம் எழும்பியபின், அதன் நீரை எடுத்து அடுத்தவர் கையில் குத்துவர். 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் மும்பையில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அது பிடித்தது. அக்குழந்தையின் கையிலிருந்தே அது கைமாறிக் கைமாறி நாடெங்கும் சென்றது. ஒரு பிள்ளையின் கை மறு பிள்ளைக்கு மருந்தானது. தடுப்பூசியின் இயல்பே அன்று முதல் இதுதான்.

ஊசி போடும் நாள் வந்தது. செவிலியர் வந்தனர். நாம் வரிசையின் முனையில் நாற்காலி போட்டு அமர்ந்தோம். பெரும்பாலான பிள்ளைகள் போட்டுக்கொண்டனர். சில பெற்றோர் இறுதிவரை இணங்கவில்லை. அவர்களை நாம் கடியவில்லை. நாம் முதலில் எழுதிய கடிதம் அவர்கள் உள்ளத்தில் இன்னும் இருந்தது. அதை எந்தப் புதிய கடிதமும் அழித்துவிடாது. இரவு பத்து மணிக்கு ஒரு தந்தை பங்குமனைக் கதவைத் தட்டினார். மகனுக்குக் காய்ச்சல். வேட்டி நழுவ ஓடினோம் என்றால் மிகையன்று. டாக்டரம்மாவிடம் தொலைபேசியில் சொன்னோம். எடைக்கேற்ற அளவு பாராசிட்டமால் கொடுக்கச் சொன்னார். விடியும்வரை அவ்வீட்டுத் திண்ணையில் இருந்தோம். காலையில் பையன் எழுந்து இட்லி கேட்டான். பொறுப்பன்று என்று எழுதுவது எவ்வளவு எளிது, பொறுப்பாக ஒரு திண்ணையில் உட்காருவது எவ்வளவு கனமானது என்பதை அவ்விரவில் கற்றோம்.

அந்த மருத்துவர் தாய்மாருக்குச் சொல்லும் அறிவுரைகளைப் பின்னர் பலமுறை கேட்டிருக்கிறோம். வாசகர்க்கும் பயன்படும் என்பதால் தருகிறோம். பிறந்தவுடன் காசநோய், போலியோ, மஞ்சள்காமாலைத் தடுப்பு மருந்துகள். பிறகு ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி முதலியவற்றுக்கான ஐந்து நோய்த் தடுப்பூசியும் போலியோ மருந்தும். ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை–ரூபெல்லா முதல் ஊசி. பதினாறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் இரண்டாவது. ஐந்து வயதிலும், பத்திலும், பதினாறிலும் வரும் ஊசிகளைப் பலர் மறந்துவிடுகின்றனர், மறக்கலாகாது. சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஊசி போட்ட இடத்தில் பச்சிலையோ எண்ணெயோ பூசவேண்டாம். ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வெளியூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லவேண்டும்; பெங்களூரானாலும் அரசு நிலையத்தில் அந்த அட்டையைக் காட்டி அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். நோய் பலவீனமான பிள்ளைகளுக்கும் வேறு சிகிச்சையில் உள்ளவர்களுக்கும் எது தகும் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். செல்பேசிச் செய்தி அன்று.

நம் மாநிலம் இவ்வகையில் முன்னே நிற்பது என்று பெருமை கொள்கிறோம். ஆனால் பெருமையும் சறுக்கும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் ஓராண்டு நிறைந்து இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் முழுத் தடுப்பூசி பெற்றோர் 2005–06இல் நூற்றுக்கு 80.9 பேர், 2015–16இல் அது 69.7 ஆகக் குறைந்தது. மீண்டும் 2019–21இல் 89.2க்கு உயர்ந்தது. ஏற்றமும் இறக்கமும் பல காரணங்களால் நேர்வன. எனினும் ஒன்று தெளிவு: ஒருமுறை கிடைத்த நம்பிக்கை தானே நிலைத்து நிற்பதில்லை. ஒவ்வொரு தலைமுறைத் தாயோடும் யாரேனும் ஒருவர் குட்டை இருக்கையில் அமர்ந்து பேசவேண்டியிருக்கிறது. போலியோவும் அவ்வாறுதான் ஒழிந்தது. வீடு வீடாகப் பல்லாண்டு நடந்தபின், 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்ட ஒரு சிறுமியோடு அது நம் நாட்டில் நின்றது. 2014 மார்ச் 27இல் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

இப்போது வேறொரு பங்கில் இருக்கிறோம். திருமுழுக்கு ஆயத்த வகுப்புக்கு வரும் பெற்றோரிடம் பிறப்புச் சான்றோடு தடுப்பூசி அட்டையையும் கொண்டுவரச் சொல்கிறோம். அது நிபந்தனை அன்று. அட்டை இல்லையென்று எவர்க்கும் திருமுழுக்கை மறுத்ததில்லை. ஞானப்பெற்றோர் கையில் அந்த அட்டையைக் கொடுத்து, அடுத்த ஊசி எந்த நாளில் என்று படிக்கச் சொல்கிறோம். பிறர் பிள்ளைக்குப் பொறுப்பேற்பதாக வாக்களிக்க வந்தவர்கள் அல்லவா அவர்கள்? பொறுப்பு அங்கேயே தொடங்கட்டும்.

மரியன்னை மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபெத்தின் வீட்டுக்குள் நுழைந்த காட்சியைச் செபமாலையின் இரண்டாம் மகிழ்ச்சி மறையுண்மையில் தியானிக்கிறோம். இரு தாய்மார், இரு கருக்கள். வாசலில் கேட்ட வாழ்த்தொலியால் உள்ளே ஒரு சிசு மகிழ்ந்து துள்ளியது. நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைகிறோம்; எத்தனையோ பேர் அருகில் அமர்கிறோம். நம் வருகையால் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிசுவுக்கு நன்மையும் வரலாம், தீமையும் வரலாம். எதைச் சுமந்து செல்கிறோம் என்பது ஓரளவு நம் கையில் இருக்கிறது.

அந்தத் தாயும் மகளும் ஒருமுறை நம்மைப் பார்க்க இந்தப் பங்குக்கு வந்திருந்தனர். மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். கைவேலை கற்றுத் தையல் இயந்திரம் ஓட்டுகிறாள். நாம் முன்பு சொன்ன சொல்லுக்காகத் தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்றுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "விடுங்க சாமி. என் தங்கச்சி மவனுக்கு நானே கூட்டிட்டுப் போயி ரெண்டு ஊசியும் போட்டுட்டேன்" என்றார்.

வரும் கல்லறைத் திருநாளில் அக்காளின் மண்மேட்டருகே நின்று இதைச் சொல்லவேண்டும்.